கை நனைக்காத ஆராய்ச்சி

எனக்குக் கருத்து இல்லாத விஷயம் என்று இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. எதிர்வீட்டுக் கோலம், பஸ் கண்டக்டர் ஊதுகிற விசில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தை இழுக்கிற இழுப்பு, எல்லாவற்றைப் பற்றியும் என்னிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். யாரும் கேட்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. "இவ வாயைப் பூட்ட நம்ம ஊர்லயே பூட்டு கிடையாது" என்பாள் அம்மா. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு ஒரு தாய் இப்படிச் சொல்கிறாள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அப்படிப்பட்ட நான், சார்பே இல்லாமல்தான் சமூகத்தை ஆராய வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஒருவரிடம் போய் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். விதி என்று சொல்லலாம். வேறு யாரிடமும் இடம் காலி இல்லை என்றும் சொல்லலாம்.

என் கைடு ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த பேராசிரியர். பேன்ட் மடிப்புக் கலையாத மனிதர். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. நான் எழுதிக் கொடுத்த முதல் அத்தியாயத்தில் 'பாவம்', 'அநியாயமாக', 'வெட்கமே இல்லாமல்' போன்ற சொற்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். அடித்தது போக மிச்சமிருந்தவை பெரும்பாலும் முற்றுப்புள்ளிகள்.

"ஆய்வாளர் ஒரு கண்ணாடி மாதிரிம்மா. முன்னால நிக்கிறதைக் காட்டணும், அவ்வளவுதான். கண்ணாடி என்னைக்காவது இந்தச் சட்டை உனக்கு நல்லா இல்லைன்னு சொல்லுதா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக் கண்ணாடி தினமும் சொல்லுது சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதும் ஒரு சார்பு என்று நினைத்தாரோ என்னவோ.

தலைப்பு எளிமையானது. ஒரு கிராமத்துத் தெருவில் அக்கம்பக்கத்தார் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை வீடு வீடாகப் போய்க் கேட்டறிய வேண்டும். சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்தோம். காய்கறியும் பூவும் போடுகிற விவசாயக் குடும்பங்கள். எனக்கு அங்கே சொந்தம் கிடையாது, பந்தம் கிடையாது. நான் திண்டுக்கல் டவுனில் வாத்தியார் வீட்டுக் கத்தோலிக்கப் பெண். அதனாலேயே அந்தத் தெரு எனக்குப் பொருத்தம் என்று கைடு சொன்னார். போவதற்கு முன் சில கட்டளைகளும் தந்தார். கருத்துச் சொல்லக் கூடாது. பார்த்தவுடன் இன்னார் என்று தெரிகிற மாதிரி எந்த அடையாளமும் வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசியாக, யார் வீட்டிலும் ஒரு வாய் காபி கூடக் குடிக்கக் கூடாது.

"காபியுமா சார்?"

"காபிதாம்மா முதல்ல. ஒரு டம்ளர் குடிச்சா ஒரு கடன்பாடு. அப்புறம் அவங்களைப் பத்தி உள்ளதை உள்ளபடி எழுதக் கை வராது."

நான் ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிப்பேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அது தனிப்பட்ட தகவல்.

அப்படித்தான் நிறமே இல்லாத ஒரு சுடிதாரைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துவிட்டு, கையில் ஒரு பைலோடு அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். யாருக்கும் எதுவும் தெரியாத மாதிரி இருந்தால் யாரும் எதையும் நினைக்க மாட்டார்கள் என்பது கணக்கு. நடந்தது நேர்மாறு. பொட்டும் இல்லை, சிலுவையும் இல்லை, முக்காடும் இல்லை. ஒரு மனுசி என்றால் ஏதாவது ஒன்று இருக்க வேண்டாமா? நான் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பதற்குள் அவர்கள் என்னிடம் நாலு கேட்டார்கள்.

"எந்த ஊருத்தா நீயி?"

"திண்டுக்கல்லும்மா."

"திண்டுக்கல்லுல எங்கன?"

"பேகம்பூர் பக்கம்."

"அப்ப பாய் வீட்டுப் பிள்ளையா?"

இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆம் என்றும் சொல்ல முடியாது. சிரித்து வைத்தேன். "ஆராய்ச்சி பண்ண வந்திருக்கேம்மா" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். "அது சரி" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். 'அது சரி' என்பதற்கு எங்கள் பக்கத்தில் 'நீ சொல்றதை நான் நம்பலை, ஆனா சொல்லிக்கோ' என்று பொருள். அவசரத்தில் அதை நான் கவனிக்கவில்லை.

காபி மட்டும் எல்லா வீட்டிலும் வந்தது. கருப்பட்டி வாசனையோடு வந்தது, சுக்கு வாசனையோடு வந்தது, ஒரு வீட்டில் அப்போதுதான் கறந்த பாலில் நுரையோடு வந்தது. "வேண்டாம்மா, பழக்கமில்லை" என்று சொல்லும்போது நாக்கு உள்ளே அழுதது. முதலில், இவள் சாதி பார்த்துத்தான் குடிக்க மாட்டேன் என்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பியதாம். பின்னால் கேள்விப்பட்டபோது எனக்கு அவமானமாக இருந்தது. நல்லவேளை, மேலத்தெருவில் மேல்சாதிக்காரர் வீடு ஒன்றிலும் நான் குடிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு நின்றது. அதைவிடப் பெரிய பேச்சு ஒன்று கிளம்பியது.

அதற்குள் என் ஆராய்ச்சி பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. "பக்கத்து வீட்டுக்காரங்க எப்படிம்மா?" என்று கேட்டால், "தங்கமான மனுசங்க." அதற்கு அடுத்த வீடு? "அவுகளும் தங்கம்தான்." குடிப்பழக்கம் உண்டா? "சேச்சே, அந்தப் பேச்சுக்கே இடமில்ல." சண்டை சச்சரவு? "எங்க தெருவுலயா? எறும்புகூடச் சண்டை போடாது." இந்தப் பதிலை ஒரு அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோதே, தெருக்குழாயடியில் இரண்டு பெண்கள் ஒருவர் குடத்தை ஒருவர் உருட்டிவிட்டுப் பரம்பரையை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "அது என்னம்மா?" என்றேன். "அது சும்மா பேசிக்கிட்டிருக்காளுக" என்றார் அந்த அம்மா.

கைடிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்து அன்றுதான் பார்த்தேன். "பார்த்தீங்களா? நாம தள்ளி நின்னா தரவு தானாப் பேசும்" என்றார். இவ்வளவு தங்கம் இருக்கிற தெருவில் குழாயடிச் சண்டை எப்படி வந்தது என்று கேட்க வாய் வந்தது. கண்ணாடி கேள்வி கேட்காது என்று அடக்கிக்கொண்டேன்.

உண்மையை உடைத்தவள் அந்தத் தெருவின் நடுவீட்டுப் பெண். எம்.எஸ்ஸி. கணக்குப் படித்துவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறவள். ஒரு மத்தியானம் அவள் அம்மா தோட்டத்துக்குப் போயிருந்தபோது போனேன். கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, நேராக் கேக்குறேன். நீங்க எந்த மாப்பிள்ளை வீடு?"

"என்னது?"

"தெருவே இதைத்தான் பேசுது. யாரு வீட்டுப் பொண்ணை விசாரிக்க வந்திருக்கீங்கன்னு மட்டும் புடிபடலை. அதான் எல்லாரும் எல்லாரையும் நல்லவங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க."

அவள் பொறுமையாக விளக்கினாள். குடும்பத்தில் எத்தனை பேர், நிலம் எவ்வளவு, குடிக்கிறவர் உண்டா, அக்கம்பக்கத்தோடு சுமுகமா, சண்டைக்காரர்களா. நான் கேட்டவை எல்லாம் ஒரு சம்பந்தம் பேசுவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் தெருவில் வந்து கேட்கிற கேள்விகள். இதற்கு மேல் அத்தாட்சியாக, நான் எந்த வீட்டிலும் காபி குடிக்கவில்லை.

"காபிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தமே அதுதானக்கா. முடிவாகாம பொண்ணு வீட்ல கை நனைக்க மாட்டாங்கல்ல? சினிமாவுலதான் பொண்ணு காபித் தட்டோட வருவா. எங்க தெருவுல பச்சத் தண்ணியோட சரி. கரண்டு ரீடிங் எடுக்க வர்ற அண்ணன் குடிப்பாரு, கேஸ் சிலிண்டர் போட வர்றவரு குடிப்பாரு. குடிக்காம உக்காந்து குடும்பக் கதையைக் கேட்டா, அது மாப்பிள்ளை வீடுதான்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தன் வாயால் கெடுக்கக் கூடாது என்பது அந்தத் தெருவின் எழுதாத சட்டம். குழாயடியில் குடத்தை உருட்டுகிறவள்கூட, விசாரிக்க ஆள் வந்தால் அந்த வீட்டைத் தங்கம் என்பாள். சொல்ல நல்லது ஒன்றுமே இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வார்கள். அப்படி மூடினால் மாப்பிள்ளை வீட்டார் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார்கள். நான் பைலில் சேர்த்து வைத்திருந்தது சமூகவியல் இல்லை, ஒரு தெரு முழுவதற்குமான நற்சான்றிதழ்.

பைலைத் தூக்கிக்கொண்டு கைடிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப நீங்க போய்த் தெருவுல விளக்கம் சொன்னா அது இன்னொரு தலையீடு ஆயிடும். ஆய்வின் வரம்புகள்னு ஒரு பத்தி எழுதிடுங்க. காபி விஷயத்துல மட்டும் உறுதியா இருங்க" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "ஒருத்தர் வீட்டுல போய் உக்காந்து அவங்க குடுத்ததைத் தொடாம வர்றதுக்குப் பேரு படிப்பாடி?" என்று அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அந்தக் கணக்குப் பெண்ணுக்கும் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தெருவில் நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவள். அடுத்த முறை போனபோது அவள் முகம் சரியில்லை. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். தோட்டம் துரவு, காய்கறி மண்டி, நல்ல வசதி. வந்தவர் அரை மணி நேரம் முருங்கையைப் பற்றிப் பேசியிருக்கிறார். நாற்று, சொட்டுநீர், கம்பளிப்பூச்சி. கடைசியில் அவளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: "முருங்கைக்கீரை உருவ வருங்களா?"

"என்ன சொன்ன?"

"வரும்னேன். அவரு கெட்டவரு இல்லக்கா. கோவமும் இல்ல. எனக்குப் புடிக்கலை, அம்புட்டுத்தான். அம்மாகிட்டச் சொன்னேன். புடிக்கலைங்கிறது ஒரு காரணமாடிங்கிறாங்க. காரணம்னா சாதகம் சேரலைங்கணும், இல்லை அவரு குடிக்கணும். அவரு பாலுகூட ஆறவச்சுத்தான் குடிப்பாராம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வாரமே மாப்பிள்ளையின் அத்தை விசாரிக்க வருகிறாளாம். தெருவே தங்கம் என்று சொல்லும். ஆவணியில் முகூர்த்தம் வைத்துவிடுவார்கள்.

"அக்கா, உங்ககிட்ட வந்து கேட்டாங்கன்னா என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை மோசமாச் சொல்லுங்க. சண்டைக்காரின்னு சொல்லுங்க."

"நான் நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாதும்மா. ஆராய்ச்சி."

"அப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. அது அதைவிட மோசம். அதுவே போதும்" என்றாள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் கேட்டதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் சொல்லாமல் இருப்பது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். முன்பு எனக்கு ஒரு சம்பந்தம் வந்து, எங்கள் வீட்டில் கேசரியும் முறுக்கும் தட்டுத் தட்டாகச் சாப்பிட்டுவிட்டு, பிறகு தெருவில் விசாரித்துவிட்டுத் திரும்பி வராமலே போனார்கள். எங்கள் தெருவில் யாரோ ஒருவர், "பொண்ணா... படிச்ச பொண்ணு" என்று இழுத்தாராம். அவ்வளவுதான், வேறு ஒரு சொல் சொல்லவில்லை. அந்த இழுவை அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்கள் வரைக்கும் நீண்டது. எனக்கு அந்த மாப்பிள்ளை மேல் ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் வாசலில் போகிற ஒவ்வொருவரையும், அப்படி இழுத்தவர் இவரா, இவரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் பார்க்கிறேன். என் மௌனம் இந்தக் கல்யாணத்தை நிறுத்திவிடும். கூடவே அவள் பெயரையும் கெடுத்துவிடும். அடுத்து வருகிறவர்களும், ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் ஏன் போனார்கள் என்று கேட்பார்கள். அவள் அவ்வளவு தூரம் கணக்குப் போடவில்லை.

அத்தை வந்தே விட்டாள். கூடவே அவள் கணவர், குடையும் பையும் பிடித்துக்கொண்டு, பேசாமல். நான் தெருக்கோடியில் ஒரு வீட்டில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் தங்கம். கெட்டிக்காரி அவள். கடைசியில் நடுவீட்டு வாசலுக்கே வந்து நின்று, சத்தமாகவே சொன்னாள்: "எல்லாரும் தங்கம் தங்கம்ங்கறாங்க. இது தெருவுங்களா, நகைக்கடைங்களா?"

நான் வெளியே வந்ததும் யாரோ என்னைக் கை காட்டிவிட்டார்கள். "அந்தா வருது பாருங்க, அந்தப் பிள்ளை. அது வெளியாளு. அம்புட்டு வீட்டையும் விசாரிச்சிருக்கு." தெருவுக்கு ஒரு கல்லில் இரண்டு மாங்காய். வந்தவர்களுக்குப் பதில் கிடைக்கும், நான் யார் வீட்டுக்கு வந்தேன் என்பதும் வெளியே வரும்.

அத்தை என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்க அம்மிணி, செத்த இங்க வாங்க. நீங்க யாரு பக்கமும் சாயாத ஆளுன்னு சொல்றாங்க. உள்ளதைச் சொல்லுங்க, இந்த வீட்டுப் புள்ளை எப்படிங்க?"

யாரு பக்கமும் சாயாத ஆள். மூன்று வருடமாக என் கைடின் வாயிலிருந்து வராத பாராட்டு அது. இந்த நேரம் பார்த்தா வர வேண்டும்?

சுற்றிலும் தெரு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை. கதவருகில் அந்தப் பெண்ணின் அம்மா, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லவள் என்றால், அது உண்மை, ஆவணியில் கல்யாணம். கெட்டவள் என்றால் பொய். ஒன்றும் சொல்லாவிட்டால் அவளுக்கு அந்த இழுவை. நடுநிலைக்கென்று அந்தத் தெருவில் ஒரு காலடி இடம்கூட இல்லை. மதில் மேல் பூனைக்காவது மதில் இருக்கிறது. நான் ஏற்கெனவே அதிக நேரம் பேசாமல் இருந்துவிட்டேன் என்று அத்தையின் கண் சுருங்கியதிலிருந்து தெரிந்தது.

அந்த நேரத்தில் கணக்குப் பெண் உள்ளேயிருந்து காபியோடு வந்தாள். முதலில் அத்தைக்கு நீட்டினாள். "இருக்கட்டும் கண்ணு. முடிவாகட்டும், அப்புறம் கை நனைச்சுக்கலாம்" என்று அத்தை முறைப்படி மறுத்தாள். அவள் கணவர் டம்ளரைப் பார்த்து எச்சிலை விழுங்கினார். அப்புறம் அந்தப் பெண் என் பக்கம் திரும்பி டம்ளரை நீட்டினாள். அம்மா பக்கம் திரும்பவே இல்லை.

நான் வாங்கிக் குடித்தேன்.

ஒரு வாய் இல்லை, அடி வரைக்கும் குடித்தேன். பாயசம் மாதிரி இருந்தது. குடித்து முடித்து நிமிர்ந்தபோது தெருவே ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. குழாயடியில் ஒருத்தி, "நான் சொல்லலை? திண்டுக்கல் இடம் முடிவாயிருச்சு" என்றாள். அத்தை என்னையும் டம்ளரையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்படிங்களா சமாச்சாரம்? நல்ல புள்ளைக்கு நாலு பேரு வரத்தானுங்க செய்வாங்க. முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த வெயில்ல வந்திருக்க மாட்டோமுங்க" என்றாள். கோபம் இருந்தது. ஆனால் போகிற போக்கில் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுவிட்டுத்தான் போனாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆய்வு நெறிமுறைப்படி பார்த்தால் என் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அவர்கள் கார் தெருவைத் தாண்டியதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"இம்புட்டு நாளா வாயைத் தொறக்காம இருந்தியே ஆத்தா! மாப்பிள்ளைக்கு என்ன சோலி?"

"அம்மா, மாப்பிள்ளை எல்லாம் இல்லை. நான் ஆராய்ச்சி பண்ண வந்திருக்கேன். முதல் நாளே சொன்னேனே."

அவள் பிடியை விடவில்லை. "அப்ப எதுக்குடி காபியைக் குடிச்ச?"

இதற்குச் சமூகவியலில் பதில் இல்லை. அந்த அம்மா திட்ட ஆரம்பித்தாள். குடிக்காதவள் குடிக்காமலே தொலைய வேண்டியதுதானே, வந்த இடத்தைக் கெடுத்தாயே, நீ நல்லா இருப்பியா என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அப்போது மகள் குறுக்கே வந்தாள்.

"நான்தாம்மா குடுத்தேன். எனக்கு அவரைப் புடிக்கலை."

"புடிக்கலைன்னா என்னடி அர்த்தம்?"

"புடிக்கலைன்னு அர்த்தம். அன்னைக்கே சொன்னேன்ல."

"நீ விளையாட்டுக்குச் சொல்றேன்னுல்ல நெனச்சேன்!"

அந்தத் தெருவில் முதல் நாளிலிருந்து உண்மையைச் சொன்னவர்கள் நாங்கள் இருவர்தான். இருவரையும் யாரும் நம்பவில்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் மகளையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"கை நனைச்சுட்டேல்ல. இனிமே நீதான் பொறுப்பு. நல்ல இடமாப் பாரு."

ஒரு டம்ளர் குடித்தால் ஒரு கடன்பாடு என்று கைடு சொன்னது எழுத்துக்கு எழுத்து பலித்தது.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தார். கடைசியில், "காபி எப்படிம்மா இருந்தது?" என்றார்.

"கருத்து ஏதும் இல்லை சார்."

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் சிரித்ததைக் கேட்டேன். "சரி, குடிச்சாச்சு. அதை மறைக்காம எழுதுங்க. நீங்க எங்க நின்னு பார்த்தீங்கன்னு படிக்கிறவனுக்குத் தெரியட்டும். அதுக்கு மேல என்கிட்ட வழி இல்லை" என்றார். அவர் மேல் எனக்கு இருந்த கருத்தை அன்று மாற்றிக்கொண்டேன்.

நான் மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். சிலுவைச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு, என் ஊர், தெரு, அப்பா வேலை எல்லாவற்றையும் சொல்லி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கேட்டேன். தங்கம் எல்லாம் உருக ஆரம்பித்தது. எவன் வீட்டுக் கழிவுத் தண்ணீர் எவன் வாசலில் நிற்கிறது, எவள் ஆடு எவள் நாற்றைக் கடித்தது, எந்த வீடும் எந்த வீடும் ஒரு முருங்கைக் கிளைக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டன. முருங்கை அந்தத் தெருவையும் விடவில்லை. ஒரு பக்கமும் சாயாமல் கேட்டபோது கிடைக்காதது, சாய்ந்து உட்கார்ந்ததும் வந்து கொட்டியது. பட்டமும் கிடைத்தது.

ஆனால் அந்த அம்மா விடவில்லை. மாதம் தவறாமல் போன் வரும். "பொறுப்பு எடுத்தியே, என்னாச்சு?" நான் எடுக்கவில்லை, கொடுத்தார்கள். சொன்னால் கேட்கிற ஆளா? ஒரு நாள் போனில் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அய்யலூர்ல ஒரு இடம் வந்திருக்கு. பையன் மில்லுல கணக்குப் பாக்குறானாம். போய் விசாரிச்சுட்டு வா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இவகிட்ட மொதல்லயே கேட்டுட்டேன். புடிச்சிருக்காம்."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்துக்காக நான் அய்யலூருக்குப் போனேன். போய்ச் சேர்ந்தது ஆட்டுச் சந்தை நாள். எங்கு பார்த்தாலும் ஆடு, ஆட்டுக்கு நடுவே மனுசன். பையனின் தெருவில் வீடு வீடாகப் போனேன். காபி வந்தது. "இருக்கட்டும்மா, முடிவாகட்டும்" என்றேன். எல்லாரும், "தங்கமான பையன்" என்றார்கள். இந்தத் தங்கத்தை எனக்குத் தெரியாதா? ஒரு டீக்கடைக்காரர் மட்டும், "பையன்... நல்ல பையன்தான்" என்றார்.

அந்த இழுவையை நான் விடவில்லை. ஆராய்ச்சி செய்த காலத்தில் நான் இப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. கடையிலேயே உட்கார்ந்தேன். மெல்ல மெல்ல வந்தது. பையனுக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் நடந்து நின்றுபோயிருக்கிறது. அந்தப் பெண் தனக்கு விருப்பமில்லை என்று அவனிடம் அழுதாளாம், அவனே நிறுத்திவிட்டுப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டானாம். கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. குளிர்ந்ததால்தான் பயமும் வந்தது. இது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசைப்பட்டதை அப்படியே நம்பிக்கொண்டு போனால் நாளைக்குக் கணக்குப் பெண்ணின் கண்ணை எப்படிப் பார்ப்பது? வெயிலோடு வெயிலாக இன்னும் சில வீடுகள் ஏறினேன். ஒரு வீட்டில் வேறு மாதிரி சொன்னார்கள். பையன் வீட்டில் நகை கூடக் கேட்டார்கள், அதனால்தான் நின்றது என்றார்கள். எது சரி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு எவ்வளவோ வருத்தம்.

இரண்டையும் அவளிடம் சொன்னேன். எனக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும், எனக்குத் தெரியாததையும், ஒன்றுகூட அடிக்காமல் சொன்னேன்.

"நகை கேட்டது அவங்க பெரியப்பாவாம். அதையும் மாப்பிள்ளையே எங்கிட்ட போன்ல சொல்லிட்டாருக்கா. அந்தப் பொண்ணு யாருன்னு மட்டும் சொல்லலை. நான் கேட்டும் சொல்லலை" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். முருங்கைக்காரரைப் பற்றிச் சொன்ன முகம் இல்லை அது.

முடிவாகிவிட்டது. அந்த அம்மா என்னைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தன் கையாலேயே காபி கொண்டுவந்து தந்தாள். ஒரு வாய் குடித்தேன். அதே பாயசம். இத்தனை காலமாக இந்த வீட்டில் எத்தனை டம்ளர் குடித்திருப்பேன், கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கும்மா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்று என் வாய்ப் பூட்டு தெறித்துவிட்டது.

"சர்க்கரை ரொம்ப அதிகம்மா. வாயில வைக்க முடியலை."

அந்த அம்மா டம்ளரை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். அடுப்படியைப் பார்த்து மகளுக்குக் குரல் கொடுத்தாள்.

"ஏ பிள்ளை, உங்கக்காவுக்கு வேற காபி போடு. இம்புட்டு நாளா மாப்பிள்ளை வீட்டாளு மாதிரி நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. இன்னைக்குத்தான் நம்ம வீட்டுப் பிள்ளையாயிருக்கா."